மோட்டாரைத் தொடாத மின்பயிற்சி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் முதல்வர் அவர்களே, அழைப்பை மதித்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் தொழிற்சாலை உரிமையாளர்களே, வயல் வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, பட்டுக்கோட்டைப் பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்த தாய்மார்களே, ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்குப் புறப்படும் என் மின்னியல் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் பேராசிரியை மேகலாவின் பணிவான வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்துவேன். ஆனால் வயிற்றெரிச்சலை விழுங்கிவிட்டு வாழ்த்த எனக்கு வராது.

மூன்றாண்டுக்கு முன் அதிராம்பட்டினத்து ஹாஃபிஸா என்ற மாணவியை, வயல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் தொழிற்சாலைக்கு நான்தான் பயிற்சிக்கு அனுப்பினேன். பெட்டியைப் பிரிக்க விட்டார்களா? பூட்ட விட்டார்களா? புரிந்துகொள்ளவாவது விட்டார்களா? தொலைபேசி முன்னால் உட்காரவைத்தார்கள். புகார் வந்தால் எழுத வேண்டும். எழுதியதைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதற்குப் பெயர் பொறியியல் பயிற்சி.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, நான் அன்று சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. அதுதான் என் குற்றம்.

அது குறுவைக்கு நாற்று விடும் காலம். சாமிதுரை என்ற விவசாயி ஒரே வாரத்தில் நான்கு முறை அழைத்தார். "மோட்டார் எடுக்க மாட்டேங்குதும்மா. நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கு. யாரையாவது அனுப்புங்க." நான்கு முறையும் அவள் சொல்ல அனுமதிக்கப்பட்ட பதில் ஒன்றே: புகார் பதிவாகிவிட்டது. பதிவாகிவிட்டால் பயிருக்குத் தண்ணீர் பாயுமா?

ஞாயிற்றுக்கிழமை, தன் தாய் மெஹராஜ் பேகத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவள் அந்த வயலுக்கே போய்விட்டாள். சாமிதுரை தயங்கினார்.

"படிக்கிற புள்ள நீ. கைய வச்சு இன்னும் கெட்டுப்போச்சுன்னா?"

"ஓடாமத்தானே ஐயா கெடக்கு. ஃபியூஸப் பிடுங்கிட்டு வாங்க, நான் பாக்குறேன்."

மின்சாரம் நின்றதை மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்த மின்சுற்றுப் பலகையைக் கழற்றினாள். கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். மோட்டாரை இயக்கும் ரிலேயின் காலைச் சுற்றி, ஈயப் பற்றில் மயிரிழை வட்டமாய் ஒரு விரிசல். பாரமான ரிலே ஒரு முனையில். பலகையைத் தாங்கும் இரண்டு திருகுகளும் மறுமுனையில். ஒவ்வொரு அதிர்விலும் பலகை ஆடியிருக்கிறது. ஆடி ஆடி ஈயம் பிளந்திருக்கிறது. பையிலிருந்த சால்டரிங் அயர்னைச் சாமிதுரை வீட்டில் சூடாக்கி, அந்தக் காலை மறுபடி பற்றவைத்தாள். பலகையைப் பூட்டினாள். ஃபியூஸை மாட்டிவிட்டுப் பித்தானை அமுக்கினார் சாமிதுரை. மோட்டார் உறுமியது. நாற்றங்காலில் நீர் நுழைந்தது. "என் மவ கையா இது" என்று மெஹராஜ் பேகம் அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தாராம்.

திங்கட்கிழமை படத்தோடு மேலாளரிடம் போனாள். பாராட்டா கிடைத்தது?

"உன்ன யாரு போகச் சொன்னா? போன் எடுக்கிறது மட்டுந்தான் உன் வேலை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. இல்லன்னா சர்டிபிகேட் கெடையாது."

என்னிடம் வந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த மேடையில் மறைக்க மாட்டேன். "எழுதிக் குடுத்துடேம்மா, பட்டம் முக்கியம்" என்றேன்.

"மேடம், மூணு வருஷமா மோட்டாரப் பேப்பர்ல வரைஞ்சேன். ஒரு மோட்டார் ஏன் ஓடலைன்னு கண்டுபிடிச்சது அன்னிக்குத்தான். அதத் தப்புன்னு எழுதச் சொல்றீங்களா?"

அறைக்குப் போய், அவ்வாண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போனவர்களுக்கு நான் கையொப்பமிட்ட பன்னிரண்டு பயிற்சி அறிக்கைகளையும் எடுத்துவைத்து, மாணவர்களை ஒவ்வொருவராய் அழைத்துக் கேட்டேன். இளம்பரிதி சொன்னான்: "கேட்ல லாரி நம்பர் எழுதினேன் மேடம்." செந்தாமரை சொன்னாள்: "அட்டைப்பெட்டி எண்ணினேன்." அறிக்கைகளிலோ, மின்னணுச் சாதன வடிவமைப்பில் ஆழ்ந்த அனுபவம் என்று அச்சடித்திருந்தது. அடியில் என் பெயர்.

அன்றே கல்லூரி நிர்வாகத்துக்கு எழுதினேன்: இந்தப் பன்னிரண்டும் பொய், ஒப்பமிட்ட குற்றம் என்னுடையது. எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. வரட்டும். நியாயம் கேட்டுப் பெற்றோர் வந்தார்கள், மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். மூன்று மாதம் இழுத்தடித்து, கல்லூரி அந்தத் தொழிற்சாலையோடு உறவை முறித்தது. ஹாஃபிஸா மன்னிப்பு எழுதவில்லை. வேறிடத்தில் மீண்டும் பயிற்சி முடித்து, அரையாண்டு தாமதமாய்ப் பட்டம் வாங்கினாள். அந்தத் தொழிற்சாலையோ, புதுப் பெட்டிகளில் ரிலேயின் அருகே மூன்றாவது திருகு ஒன்றைப் போட்டுக்கொண்டது. கண்டவளின் பெயரை எங்கும் சொல்லவில்லை.

முன்வரிசை அம்மா அந்தத் தொழிற்சாலையின் பெயரைக் கேட்கிறீர்கள். ஒரு பெயரோடு முடியும் நோயாக இருந்தால் சொல்லிவிடுவேனே தாயே.

மேடையில் அமர்ந்திருக்கும் உரிமையாளர்களே, கனிவாகவும் கண்டிப்பாகவும் சொல்கிறேன். நாங்கள் அனுப்புவது எழுத்தர்களை அல்ல, எடுபிடிகளை அல்ல, பொறியாளர்களை. பலகையைக் கொடுங்கள், பழுதைக் கொடுங்கள், பிழை செய்யும் உரிமையையும் கொடுங்கள். பெண்பிள்ளை என்று ஒதுக்காதீர்கள். பயிற்சிப்பிள்ளை என்று பதுக்காதீர்கள். சுடும் ஈயத்துக்குத் தெரியுமா, பிடித்திருப்பது யார் கை என்று?

மாணவச் செல்வங்களே, முதல் நாளே உங்களுக்கு ஒரு நாற்காலி காட்டப்பட்டால், நன்றி சொல்லிவிட்டு, வேலை மேசை எங்கே என்று கேளுங்கள். காட்டவில்லையா? மறுநாளும் கேளுங்கள். அதற்கும் அசையவில்லையா? என்னை அழையுங்கள். இந்த முறை பொறுத்துப்போ என்று சொல்ல மாட்டேன், புறப்பட்டு வருவேன்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. இனிக் கேள்வி கேட்கப்போகும் பிள்ளைகளுக்கு என் வணக்கம்.