வாவிச் சேற்றை வேலைக்கு அமர்த்திய பட்ரிசியா மிஸ் அவர்களுக்கு

"டப்!"

சத்தம் கேட்டதும் ஆய்வுகூடத்தில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் மேசைகளுக்கு அடியில் போனோம். யுத்த காலத்து மட்டக்களப்பில் அதுதானே பழக்கம்! வாயுக் குழாயின் வாயில் எரியும் ஈர்க்குச்சியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றவர் நீங்கள் மட்டும்தான். "எழும்புங்க, எழும்புங்க! குண்டில்ல, ஐதரசன்!" என்று சிரித்தீர்கள்.

எங்கள் பெருமதிப்புக்குரிய பட்ரிசியா மிஸ் அவர்களே! வவுணதீவு வயல் வட்டைகளில் அறுவடை முடிந்ததும் வீணே புகையாகும் வைக்கோலுக்குள் எரிபொருளைக் கண்டவரே! வாவிச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களான பற்றீரியாக்களை வைக்கோல் கரைசலில் விட்டு, நொதிக்க வைத்து, ஐதரசன் வாயு தரச் செய்தவரே! நாற்றம் தாங்காமல் நாங்கள் மூக்கைப் பொத்தியபோது, "உங்கட கருவாடு மட்டும் மணக்குதாக்கும்!" என்று எங்கள் வாயை அடைத்த வல்லவரே!

கல்லடியில் இருந்த எங்கள் ஆய்வுகூடத்தை ஆழிப்பேரலை அள்ளிக்கொண்டு போனது. ஆண்டுக்கணக்காய் நீங்கள் வளர்த்தெடுத்த பற்றீரியாக்களில் எஞ்சியது ஒரேயொரு போத்தல். அதன் வாயுவில் தீ வைத்தால் சத்தமே இல்லை. நீலச் சுவாலை மட்டும். ஐதரசனைத் தின்று மெதேன் வாயு ஆக்கும் வேறு நுண்ணுயிர்கள் உள்ளே பெருகிவிட்டன. கொதிக்க வைத்தால் அவை சாகும். நமக்கு வேண்டியவை தடித்த உறைக்குள் வித்திகளாய் உறங்கிப் பிழைக்கும். பிழைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. வாவியிலோ கடலுப்பு ஏறியிருந்தது. புதுச் சேறும் கைகொடுக்கவில்லை.

"மிஸ், எல்லாம் செத்துப் போனா?" என்று எங்கள் உதவியாளர் றிஷாட் கேட்டார். அந்த அலைக்குப் பலியான உங்கள் அண்ணன் லெஸ்டரை அடக்கம் செய்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அடுப்பப் பத்த வை தம்பி. சூட்டுல கண் வச்சிக்க," என்றீர்கள். குரல் நடுங்கவில்லை.

சில நாட்களில் மறுபடியும் வெடித்தது ஐதரசன். அன்று எவரும் ஒளியவில்லை; கட்டிப்பிடித்து அழுதோம்.

இன்று யுத்தம் ஓய்ந்துவிட்டது. சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றாமல் வைக்கோல் வண்டிகள் வாவியைக் கடந்து வருகின்றன. அந்த வேளை பார்த்தா நீங்கள் பணி ஓய்வு பெற்று விடைபெற வேண்டும்! நோய் அண்டாத உடலும் குறும்பு குன்றாத மனமுமாய் நெடுங்காலம் நீங்கள் வாழ, ஆய்வுகூட ஊழியர்கள் அனைவரும் கையொப்பமிட்டு வாழ்த்துகிறோம்.

இம்மடலில் உங்கள் துணிச்சலுக்குத் தனியே ஒரு பந்தி எழுதத்தான் இருந்தோம். "போத்தலக் கொதிக்க வச்ச அண்டைக்குப் பயமே வரல்லையா மிஸ்?" என்று நேற்று எங்களில் ஒருவரான இர்ஷானா கேட்டுவிட்டார். நீங்கள் சொன்னதை அப்படியே பொறித்துவிடுகிறோம்:

"பயமில்லாமலா புள்ள? அந்தப் போத்தல்ல பாதிய முன்னமே எங்கட வீட்டு பிரிஜ்ஜில, இறால் சட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிட்டன்; சொல்லியிருந்தா றிஷாட் அடுப்ப ஒழுங்காப் பாத்திருப்பானா?"