கேமரா இல்லாத ட்ரோன்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. எவனோ என் காலை வேறு மிதித்துவிட்டான். கோபத்தோடு நின்றுகொண்டிருந்தபோது, முன் சீட்டு அம்மாள் தன் வருங்கால மருமகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"கண்ணாலத்தன்னிக்கி நீயே ட்ரோன் உட்டு படம் புடிச்சிடு. மணவறையில உக்காந்துகினே ஓட்டலாம் இல்ல?"

"அத்தே, எங்க ஆராய்ச்சி நெலயத்து ட்ரோன்ல கேமராவே கெடயாது."

"அப்புறம் அது மேல போயி இன்னா பண்ணுது?"

"காத்த அளக்குது. காத்து அடுக்கடுக்கா நிக்கும். ரெண்டு அடுக்கு உரசற எடத்துல கொந்தளிக்கும். அது எங்கன்னு ரேடார் காட்டும். ட்ரோன் அங்கியே போயி பாத்துக்கினு வரும்."

"காத்த அளக்கறதுக்கா சம்பளம் தர்றாங்க?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கண்ணாலத்துக்கு அப்புறம் நான் வேலைய உட்டுடணும்னு உங்க வீட்ல பேசிக்கிறாங்களாமே அத்தே?"

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. படித்த பெண்கள் எல்லாருக்கும் இதே கதைதான்.

"அந்தக் கொந்தளிப்புலதான் ஏரோப்ளேன் குலுங்குதா?" என்றார் அம்மாள் திடீரென்று.

"ஆமா அத்தே."

"போன தபா குவைத்துலேர்ந்து வந்தப்ப, ரேணிகுண்டா ஏர்போர்ட்டுல எறங்கறதுக்குள்ள என் புள்ள துன்னதெல்லாம் வாந்தி எடுத்துட்டான்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே!" பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கட்டிக்கப் போறவகிட்ட எவன் சொல்லுவான்? நீ வேலைய உடாதடி. யாருனா கேட்டா என்கிட்ட அனுப்பு. என் புள்ள வாந்தி எடுக்காம வந்து எறங்கற வரிக்கும் நீ அளந்துகினே இரு."