வயிறா, மனசா?

வீணை ஏந்திய வெண்தாமரையாளுக்கு என் முதல் வணக்கம். விழாத் தலைமையை விரும்பி ஏற்று, என் பேச்சை வேறு வழியின்றி ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் புவன்மோகன் பால் அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் மூத்தோர்களே! விடியுமுன் எழுந்து மஞ்சள் சேலை உடுத்தி, பழம் நறுக்கிப் படையல் பரப்பிய பாசமிகு அன்னையரே! சரசுவதி பூசை முடியும்வரை தொடக்கூடாத இலந்தைப் பழத்தை இப்போது வாய் நிறைய அடக்கிக்கொண்டு, கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் விழிக்கும் மாணவச் செல்வங்களே! பந்தலுக்குப் பின்னால் கிச்சடி கிண்டும் கரண்டிக் காவலர்களே! கிருஷ்ணநகர் ரயில் நிலையச் சன்னலுக்குள் அமர்ந்து, இருபத்தாறு ஆண்டுகளாக "இடமில்லை" என்று சொல்லியே உங்கள் அனைவரின் சாபத்தையும் வாங்கிக்கொண்ட முன்பதிவு எழுத்தன் நிருபம் தர், உங்கள் முன் தலைதாழ்ந்து நிற்கிறேன்.

பிள்ளைகளின் மனநலம், பெற்றோரின் மனநலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். "அறிஞர் யாரும் கிடைக்கலையா பாபு?" என்று தலைவரைக் கேட்டேன். "அறிஞர் எதுக்குய்யா? தப்புப் பண்ணின தகப்பன் ஒருத்தன் போதும்னு கமிட்டி முடிவு பண்ணிருச்சு" என்றார். கமிட்டியின் முடிவு சரியான முடிவு.

அன்பர்களே! வங்காளியின் உடம்பில் உறுப்புகள் எத்தனை? கண்ணா, காதா, கையா, காலா? இல்லை, இல்லை! ஒன்றே ஒன்று, அது வயிறு! தலை வலித்தால் வயிறு. தேர்வில் தோற்றால் வயிறு. காதலில் தோற்றால், சந்தேகமே வேண்டாம், வயிறேதான்! அங்கே யார் கைதட்டுவது? தட்டுகிற அன்பரே, உங்கள் வீட்டு அலமாரியில் மலச்சிக்கலுக்கான இசப்கோல் டப்பா எத்தனை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

என் மகள் ஜுமுருக்கு வயது பதினைந்து. போன ஆண்டு ஒருநாள், அவளுடைய சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. பேச்சு குறைந்தது, பாட்டு நின்றது, முகம் வாடியது. நாங்கள் என்ன நினைத்தோம்? நீங்கள் என்ன நினைத்திருப்பீர்களோ அதையேதான்!

தொடங்கியது வைத்தியம்! முதல் வாரம் பப்பாளிக்காய் போட்ட தேளிமீன் ரசம். இரண்டாம் வாரம் வல்லாரைச் சாறு. சாளரக் காற்று வயிற்றில் இறங்கிவிட்டதோ என்று, வியர்த்துக் கொட்டும் வைகாசியில் குழந்தை தலைக்குக் குரங்குத் தொப்பி! ஓமியோபதி மருத்துவர் பிபத்தாரண் பாபு நேரில் வந்தார். "கனவுல தண்ணி வருதாம்மா? இடப்பக்கம் படுப்பியா, வலப்பக்கமா? புளி பிடிக்குமா?" என்று நாற்பது கேள்வி கேட்டார். "ஏம்மா வருத்தமா இருக்கே?" என்ற நாற்பத்தோராவது கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. அவரை ஏன் சொல்ல வேண்டும்? பெற்றவன் நான் கேட்டேனா?

பதினேழாம் நாள், ரசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள் ஜுமுர்.

"பாபா, என் வயிறு நல்லாத்தான் இருக்கு. வகுப்புல யாரும் என்கூட உக்காரறதில்ல. ஒன்பது வருசமா பக்கத்துல உக்காந்தவளும் வேற கூட்டத்தோட போயிட்டா. தனியா சாப்பிட்டா எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கு. அதான் டப்பாவைத் திறக்கவே இல்ல."

அப்போது இந்த அறிவாளித் தகப்பன் சொன்ன பதில் என்ன தெரியுமா? "அப்படின்னா பசியெல்லாம் ஒழுங்கா எடுக்குதுல்ல?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! என் மனைவி சுதபா சிரிக்கவில்லை. "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் புள்ள பக்கத்துல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். "பள்ளிக்கூடத்துக்கு வந்து நாலு வார்த்தை கேக்கட்டுமாம்மா?" என்றேன். "ஐயோ, மானம் போயிரும்! நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருங்க, போதும்" என்றாள் ஜுமுர். கேட்டேன். அவள் அழுது முடிக்கும்வரை கேட்டேன். ரசம் ஆறிப்போயிற்று. இரவு அவள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மகளுக்குத்தான் மனம் உண்டா? தகப்பனுக்கு இல்லையா? ஐப்பசியில் என் அண்ணன் இறந்தார். ஞாயிறுதோறும் ஜலங்கி ஆற்றங்கரையில் என்னோடு தூண்டில் போட்டவர். நான் அழவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "வாயுத் தொல்லை" என்றேன். ஊரே நம்பியது, உடனே ஓமம் வந்தது, இஞ்சி வந்தது, பிபத்தாரண் பாபுவும் வந்தார்!

பிறகு ஜுமுர் வந்தாள். கையில் அதே பப்பாளிக்காய் ரசம்.

"பாபா, வயிறா, மனசா?"

"வயிறுதாம்மா."

"பொய். மூணு ஞாயித்துக்கிழமையா தூண்டிலைத் தொடவே இல்ல நீங்க."

அன்னையரே, ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை நான், மகள் முன்னால் விம்மி விம்மி அழுதேன். அவள் அறிவுரை சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கிண்ணத்தைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நிம்மதியை எந்த உருண்டை மருந்தும் எனக்குத் தந்ததில்லை.

ஆகவே கேட்கிறேன்! மருந்து கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கேட்டபின் வாயை மூடிக் காதைத் திறந்தால் என்ன? உங்கள் பிள்ளை உங்களைக் கேட்கும்போது, "ஒண்ணுமில்ல, வாயு" என்று சொல்லாமல் உண்மையைச் சொன்னால் என்ன? இதோ, தலைவர் கடிகாரம் பார்க்கிறார். தலைவரே, வயிறா, மனசா? வயிறாம்! முடித்துவிடுகிறேன்.

மேடையேறுமுன் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். மகள் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். "ரெண்டுந்தாம்மா" என்றேன். "பயப்படாமப் பேசிட்டு வாங்க பாபா. பந்தியில என் பக்கத்துல உங்களுக்கு எடம் பிடிச்சு வைக்கிறேன். தனியா சாப்பிட வேணாம்" என்றாள். அதோ பாருங்கள், மூன்றாம் பாயில், தன் துப்பட்டாவை விரித்துப் போட்டுக் காத்திருக்கிறாள்! வாழ்நாளெல்லாம் "இடமில்லை" என்று சொன்னவனுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. செவி கொடுத்த உங்களுக்கு நன்றி, கரண்டி பிடித்தவர்களுக்கு வணக்கம். நான் போய் என் மகள் பக்கத்தில் உட்காருகிறேன்.