சாமி போட்ட கேஸ்

தஞ்சாவூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருசனும் பெண்சாதியும் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கட்டியிருந்தது கட்சிக்கரை வேட்டி. அந்த அம்மா சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

“குத்தகை நெலத்த விடச் சொல்லி சாமியே நம்ம மேல கேஸ் போட்டிருக்கு. அதுகிட்டயே போய் எப்படிங்க கும்புடுறது?”

“போட்டது கோயில் ஆபீஸு. சாமி பேர எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்.”

“நெலம் சாமியோடதுதானே? இப்பல்லாம் சன்னதியில நின்னா வேண்டிக்க வாயே வரல. கும்புடாம ராத்திரி தூக்கமும் வரல.”

“கோயிலுக்கே போகாதவன்கிட்ட வந்து கேக்குறியே!”

“வேற யார்கிட்டங்க கேக்குறது?”

அவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். ரெண்டு ஊர் தாண்டியதும் அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

“கேஸு என் பேர்லதான் இருக்கு. உனக்கும் சாமிக்கும் ஒரு வழக்கும் இல்ல. நீ தாராளமாப் போய்க் கும்புடு.”

அந்த அம்மாவுக்கு முகம் தெளிந்தது. கோர்ட்டு ஸ்டாப் வந்ததும் எழுந்தவள், படிக்கட்டில் நின்று அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“அப்ப உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணக் கூடாதாங்க?”