நாற்பத்தோரு வால்

இன்னிக்குப் படத்துக்கு வந்ததே பதினோரு பேருதான் தம்பி. முன்வரிசையில தையக்கார அம்மா, அவங்க ரெண்டு பொண்ணுங்க. நடுவுல பல் டாக்டர், அவர் சம்சாரம், மாமியார். ஓரத்துல பஸ் கண்டக்டருங்க ரெண்டு பேரு. கதவுகிட்ட எங்க அண்ணன். அப்புறம் நீங்க, நான். இப்பவே தையக்கார அம்மா பொண்ணுங்களோட கிளம்பியாச்சு.

பின்ன என்ன... திரையைப் பாருங்க. ஒரு பிரபு. சொந்தத் தம்பியே அவரை உயிரோட கல்லறையில போட்டு மூடிட்டான். பன்னெண்டு வருஷம் கழிச்சுப் பழிவாங்க எந்திரிச்சு வர்றாரு. குலை நடுங்க வேண்டாமா? வாலை ஆட்டிக்கிட்டு வர்றாரு.

இந்தக் கதையை வச்சு எடுத்த நாலாவது படம் இது. முதல் படத்துல கயித்து வால். ரெண்டாவதுல முடி வச்ச வால், அது கதவிடுக்குல மாட்டிப் பேயே அலறுது. மூணாவதுல வாலை ஆட்டுறதுக்குன்னே ஒரு ஆளு, அவன் பேரையும் போடுறாங்க. நாலுலயும் பிரபு அந்தத் துரோகித் தம்பி முன்னாடி நின்னுகிட்டு வாலைத் தடவிக் கொடுக்குறாரு. பழிவாங்க வந்தவன் செய்ற வேலையா இது?

கதையில வாலே கிடையாது தம்பி. வாள். வெட்டுற வாள். "பிரபு வாளை உருவினான்." அந்த வெளிநாட்டுப் பேய்க்கதையை ஏழு மாசம் உக்காந்து தமிழ்ல எழுதினது எங்க அண்ணன்தான். புத்தகத்துல "வாலை உருவினான்"னு வந்துடுச்சு. படம் எடுத்தவங்க அத்தனை பேரும் அதைப் படிச்சுட்டு, உருவுறதுன்னா தடவுறதுன்னு எடுத்துக்கிட்டாங்க. அண்ணனுக்கு 'வால் வாத்தியார்'னு பேரு விழுந்துச்சு. அன்னிக்குப் பேனாவை மூடினவரு, இருபத்தாறு வருஷம் ஆச்சு.

மெதுவாவா? மெதுவாத்தானே பேசுறேன். அட, டாக்டர் வீட்டு மூணு பேரும் போறாங்க பாருங்க...

யார் செஞ்ச தப்பா? அது வந்து... அச்சகத்துல ஈய எழுத்துக் கோத்தது நான்தான். பாதியில 'ள' எழுத்து தீர்ந்துபோச்சு. அப்போதைக்கு 'ல' வச்சு ஓட்டினேன். நாப்பத்தோரு இடம், எண்ணித்தான் வச்சேன். புது எழுத்து வந்ததும் மாத்தணும். மறந்துட்டேன். அண்ணன் வந்து கேட்டாரு. "நீங்க எழுதிக் கொடுத்ததே அப்படித்தாண்ணே"ன்னுட்டேன். கையெழுத்துத் தாளை அதுக்கு முன்னாடியே கொளுத்தியாச்சு. அவரும் நம்பிட்டாரு. தனக்கு ல, ள தெரியலையேன்னு இன்னிக்கு வரைக்கும் குமையுறாரு.

இன்னிக்காவது சொல்லிடணும்னுதான் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பாத்தா வாய் வரல. முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட வருது. அதனால ஒரு உதவி, நீங்க போய் அவர்கிட்ட...

தம்பி? எங்க கிளம்பிட்டீங்க? குடை இங்க இருக்கு... கண்டக்டருங்களும் போயாச்சா? சரி. பதினொண்ணுல ஒம்போது போச்சு.

யாரது தோளைத் தொடுறது... அண்ணே. கதவுகிட்டதானே இருந்தீங்க? எப்போ எனக்குப் பின்னாடி வந்தீங்க?

மொத்தமும் கேட்டுச்சா?

சரிண்ணே. சொல்லுங்க. யாரும் இல்ல, ரெண்டே பேருதான்.