ஐந்தாம் காலின் நாடி

இரவு இரண்டேகால் மணி. ஆற்றங்கரையை ஒட்டிய மண் சாலை... நம் வேன் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. என் தோழியின் கொழுந்தனாருக்கு நடந்தது.

அவருக்கு ரயில் பாலத்துத் தூண்களைச் சோதிக்கும் வேலை. தூணின் தலைப் பக்கத்தில் முப்பது கிலோ இரும்புக் குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, இழுத்து மோதவிடுவார்கள். தூண் நடுங்கும். வேகமாக நடுங்கினால் கால் உறுதி. மெதுவாக நடுங்கினால், அடியில் ஆறு மண்ணைத் தின்றுவிட்டது. அதனால் அவருக்கு 'பாலத்து டாக்டர்' என்று பெயர். "பாலத்துக்குத்தான் நாடி பாப்பீங்க. பொண்டாட்டி மனசு ஒரு நாளும் தெரியாது" என்று மனைவி வாருவாள்.

அந்த மனைவியும் ஆறு வயது மகளும்தான் அன்று ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள். அக்கரை நிலையத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். டாக்டர் 'சரி' என்றால்தான் நகரும்.

நாலு கால்கள் நல்லபடியாக முடிந்தன. ஐந்தாவதில் ஏறினார்கள்.

"டாக்டரே, இவன் ஒருத்தன்தான் பாக்கி" என்றார் குண்டை இழுக்கும் கயிற்றுக்காரர். "சீக்கிரம் பாருங்க. வண்டில உக்காந்து உங்களத்தான் திட்டிட்டு இருப்பாங்க."

தங்...

டாக்டர் தூணில் உள்ளங்கையை வைத்திருந்தார். நடுக்கம் மெதுவாக வந்தது... தூங்குகிறவன் மூச்சு போல. கீழிருந்து அழுகின சேற்று நாற்றம் ஏறியது. நடுக்கத்தை எண்ணும் கருவியைப் பார்த்தார். நொடிக்கு எட்டு புள்ளி நாலு. உறுதி என்றது.

மறுபடி அடித்தார்கள். எட்டு புள்ளி நாலு. பத்து அடிக்கும் அதே எண். எந்தத் தூணும் அப்படிப் பேசாது. அடிக்கு அடி துளியாவது மாறும்.

அந்த எண்ணை அவருக்குத் தெரியும். போன வருஷம், மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த ராத்திரி, அவர் ஐந்தாம் காலில் ஏறவே இல்லை. 'எல்லாம் ஒண்ணாக் கட்டின கால்தானே' என்று நாலாம் காலின் எண்ணையே இதற்கும் எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடினார். எட்டு புள்ளி நாலு.

அவர் எழுதிய பொய்யை அந்தக் கால் அவருக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

வண்டியை நிறுத்த வேண்டும். என்ன காரணம் சொல்வது? கருவி நல்லது என்கிறது. பழைய பொய்யை ஒப்புக்கொண்டால் வேலை போகும், ஜெயில்கூட. போனைக் கையில் பிடித்தபடி நின்றார்... மூன்று நிமிஷம். அவ்வளவுதான்.

பிறகு கூப்பிட்டார். "சார், வண்டிய விடாதீங்க. அஞ்சாவது கால் சரியில்ல. போன வருஷம் எழுதினது பொய். நான்தான்..."

"என்ன டாக்டரே விளையாடுறீங்க?" என்றார் நிலைய அதிகாரி. "இப்பத்தானே நீங்களே கூப்பிட்டு விடச் சொன்னீங்க? வண்டி கிளம்பி ரெண்டு நிமிஷமாச்சே!"

அதிகாரி கூப்பிட்டுப் பார்த்தார், ஓட்டுநரின் ரேடியோவில் வெறும் இரைச்சல். டாக்டர் சிவப்பு விளக்கோடு தண்டவாளத்தில் வண்டிக்கு எதிரே ஓடினார். ஓடியபடியே மனைவிக்குப் போன் போட்டார்.

"சங்கிலியப் புடிச்சு இழு!"

"என்னங்க? ஒண்ணுமே கேக்கல... யாரோ அடியில இருந்து தட்டுற மாதிரி ஒரே சத்தம்..."

பிரேக் கிறீச்சிட்டது. நிற்கவில்லை. பின்னாலேயே ஓடிவந்த கயிற்றுக்காரர் அவரை மூன்றாம் காலின் ஓர மேடையில் இழுத்துப் போட்டார். வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. ஐந்தாம் கால், களைத்த மனுஷன் போல, ஆற்றுக்குள் மெல்ல உட்கார்ந்தது. எஞ்சினும் மூன்று பெட்டிகளும் போயின. மனைவியும் மகளும் இரண்டாவதில் இருந்தார்கள்.

விசாரணையில் நிலையத்து போன் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அவர் குரலேதான். "பாலம் நல்லா இருக்கு. வண்டிய விடுங்க." அந்த நேரத்தில் டாக்டர் வாயே திறக்கவில்லை என்று கயிற்றுக்காரர் அடித்துச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

ஆனால் பதிவு அதோடு முடியவில்லை. குரலுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளித்தது... வண்டி இன்னும் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல். அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

"அப்பா... ரொம்பக் குளிருதுப்பா."