கீழ்ப்பக்கம் பிடிக்கிறவன்

— மறுபடி பீரோவ இறக்கிட்டியா? இப்படி மாடிக்கு மாடி கைய விட்டா இந்தப் படிக்கட்டுலதான் குடும்பம் நடத்தணும் மாப்ள.

— கை வழுக்குது மச்சான். ஒரு நிமிஷம்.

— மொத மாடியில கால் பெரண்டுச்சுன்ன. ரெண்டாவதுல பீரோவச் சாச்சு என் காலச் சுவத்தோட நசுக்கின. அப்புறம் தண்ணி கேக்கப் போறேன்னு ஆளே காணோம். இப்ப கை வழுக்குதாம். கழுதை!

— உக்காந்து திட்டுங்க. ஏன் மாரத் தேய்க்கிறீங்க?

— வாயுடா. உங்கக்காகிட்ட ஊதிடாத. டாக்டர்னு போனா வெயிட் தூக்காதம்பாரு, மொதலாளி வீட்டுலயே கெடம்பான். அப்புறம் நான் என்னத்தத் தூக்குறது, உங்கக்கா கைப்பையவா?

— சரி. ஞாயித்துக்கெழமை ஜெபக்கூட்டத்துல என்ன பேசப் போறீங்க?

— அத இப்பவா கேக்குற?

— ஆசையா கேக்குறேன், சொல்லுங்களேன்.

— பைபிள்ல வர்ற பிலேயாம் கதை. கூலிக்கு ஆசப்பட்டு, சபிக்கக் கூடாத சனத்தச் சபிக்கக் கழுதை மேல ஏறிப் போறான். வழிய மறிச்சு தேவதூதன் உருவின வாளோட நிக்கிறான். அவன் கண்ணுக்குத் தெரியல, கழுதைக்குத் தெரியுது. அது மூணு தடவ ஒதுங்குது. மூணு தடவையும் போட்டு அடிக்கிறான். கடைசியில கழுதை வாயத் தெறந்து பேசிடுது.

— கழுதை பேசுமா மச்சான்?

— அங்கதான் நம்ம சரக்கு இருக்கு. கழுதைன்னு வெளிய ஒண்ணும் இல்ல மாப்ள. நமக்குள்ள ஒண்ணு சத்தமில்லாம எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கு பாரு, அதான் கழுதை. மேல உக்காந்து குச்சிய ஓங்குறது 'நான்'ங்கிற நெனப்பு.

— அப்ப உங்களுக்குள்ளயும் ஒரு கழுதை இருக்கு.

— நான் முழுசாவே கழுதைதான். வாரம் பூரா அடுத்தவன் கட்டிலத் தூக்கிட்டு, ஞாயித்துக்கெழமை வெள்ளச் சட்டைய மாட்டினதும் ஞானின்னு நெனப்பு. போன தடவ பேசினப்ப முன்வரிசையே தூங்கிடுச்சு. கொறட்ட விட்டது உங்கக்கா.

— நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.

— போதும், எழுந்திரு. நான் மேல புடிச்சுப் பின்பக்கமா ஏறுறேன், நீ கீழ புடி. இன்னும் ஒரு மாடிதான்.

— மாட்டேன்.

— என்னடா மாட்டேன்?

— கீழ புடிக்கிறவன் எதப் பாத்துக்கிட்டு ஏறுவான் மச்சான்?

— பீரோவ.

— பீரோ சாஞ்சு கெடக்கு. அதுக்கு மேல உங்க மூஞ்சிதான். மாடிக்கு மாடி வெளுத்துக்கிட்டே போகுது, உதடு நீலம் பாஞ்சு கெடக்கு. எனக்குக் கால் பெரளவும் இல்ல, கை வழுக்கவும் இல்ல.

— அப்ப அதெல்லாம் நடிப்பாடா?

— தண்ணி கேக்கப் போனப்பவே அக்காவுக்குப் போன் போட்டுட்டேன்.

— அடப்பாவி. அப்ப என் பேச்ச எதுக்குடா அவ்வளவு ஆசையா கேட்ட?

— அவ ஆம்புலன்ஸோட வந்து சேர்ற வரைக்கும் உங்கள உக்கார வைக்க எனக்கு வேற வழி தெரியல மச்சான்.